மெலிந்த இடத்தில் சூடு

எரிகிற குண்டு பல்பை நேராகப் பார்க்க முடியாது, கண் கூசும். கரியிழை பல்பு அப்படியல்ல. டங்ஸ்டன் இழை வருவதற்கு முன், 1880 தொட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகம் ஏற்றிய பல்பு அது. மின்சாரத்தை மெல்லக் கூட்டினால் இழை செங்கல் நிறத்தில் கனன்று, ஆரஞ்சாகி, தேன் நிறத்தில் நிலைக்கும். கொண்டை ஊசி வளைவோ சுருளோ, அதன் முழு வடிவத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பழைய பல்புகளைச் சேகரிக்கும் நாங்கள் தேடி அலைவது இந்தக் காட்சிக்காகத்தான்.

கையில் எடுத்ததும் உச்சியில் இருக்கும் கண்ணாடி மூக்கைப் பார்ப்பேன். பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சிய குழாயை உருக்கி அடைத்த இடம் அது. 1920ஐ ஒட்டி இந்த அடைப்பு அடிப்பாகத்துக்குள் மறைந்துவிட்டது. இழைக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பி, கண்ணாடியைத் துளைத்து நுழையும் இடத்தில் பிளாட்டினம். சூட்டில் கண்ணாடி விரியும் அளவே அதுவும் விரிவதால் விரிசல் விழாது, காற்றும் புகாது.

ஆனால் என்னை ஆட்கொண்டது இழைதான். எடிசன் 1879இல் பருத்தி நூலைக் கரியாக்கினார். அடுத்து காகிதம், அதற்கடுத்து ஜப்பானின் யாவதாவில் விளைந்த மூங்கில். பின்னாளில் பஞ்சைத் துத்தநாகக் குளோரைடு கரைசலில் கரைத்துப் பாகாக்கி, நுண்துளை வழியே ஆல்கஹாலுக்குள் பீய்ச்சி நூலாக்கினார்கள். அதை வளைத்து, காற்றுப் புகாமல் சுட்டால் கரியிழை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அங்கங்கே மெலிந்திருக்கும். அதைச் சரிசெய்த முறை அபாரமானது. ஹைட்ரோகார்பன் ஆவிக்குள் வைத்து இழையில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். மெலிந்த இடத்தில் மின்தடை அதிகம், ஆகவே சூடும் அதிகம். அந்தச் சூட்டில் ஆவி சிதைந்து, அங்கேதான் கரி கூடுதலாகப் படியும். எங்கே மெலிவு என்று எவரும் காட்ட வேண்டியதில்லை, இழை தானே கண்டுபிடித்து நிரப்பிக்கொள்ளும்.

எரியும் காலத்தில் அதே விதி திரும்பி வருகிறது. வெற்றிடத்தில் ஆவி இல்லை, படிவதற்கு எதுவும் இல்லை. மெலிந்த இடம் சுடும், கரி அங்கிருந்து விரைவாக வெளியேறும், இன்னும் மெலியும், ஒருநாள் அறும். வெளியேறிய கரியெல்லாம் கண்ணாடியின் உட்புறத்தில் புகைநிறமாகப் படிந்திருக்கும்.

அந்தக் கருமையைச் சேகரிப்பாளர்கள் பலர் குறையாக எண்ணி, எரியாத புதுப் பல்புக்கே விலை கொடுக்கிறார்கள். நான் கறுத்ததையே எடுப்பேன். சிலவற்றில் கருமையின் நடுவே கரி படியாத மெல்லிய கோடு தெரியும். இழையின் ஒரு காலிலிருந்து நேராகப் பாய்ந்து வந்த கரியை மறுகால் மறைத்ததால் விழுந்த நிழல் அது. 1880இல் அதைக் கவனித்த எடிசன், காரணம் தேடிப் பல்புக்குள் இன்னொரு மின்முனையைச் செருகிப் பார்த்தார். வெற்றிடத்தின் வழியே மின்சாரம் ஓடியது. அதை அடித்தளமாகக் கொண்டே 1904இல் இயற்பியலாளர் ஃபிளெமிங் மின்னணு வால்வைச் செய்தார். நம் வீட்டுப் பழைய வால்வு ரேடியோக்களுக்கு மூதாதை அதுவே.

அமெரிக்கப் பல்புகள் பெரும்பாலும் 110 வோல்ட்டை ஒட்டியவை, நம் 230இல் நொடியில் போய்விடும். டங்ஸ்டனுக்கு நேர்மாறாகக் கரியின் மின்தடை சூடேறச் சூடேறக் குறையும், மின்னோட்டம் தாவி ஏறும். ஆகவே வோல்ட்டை மெல்லக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் கருவி இல்லாமல் ஏற்றக் கூடாது. கலிபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரியும் ஷெல்பி நிறுவனப் பல்பும் கரியிழைதான், இன்று 4 வாட் அளவில் மங்கலாகவே எரிகிறது. என் பல்புகளும் அப்படி மங்கலாக எரிந்தால் போதும், அதற்கு 80 வோல்ட்டே போதும். இழை முழுதாகத் தெரிந்ததும் வேரியாக்கின் குமிழைத் திருப்புவதை நிறுத்திவிடுவேன்.