கதவு சாத்தப்பட்ட பிறகு

கணவனின் கொடுமைக்கு ஆளான பெண்ணைப் பற்றி மலேசியத் தமிழ்ச் சிறுகதை நிறையவே எழுதியுள்ளது. தோட்டத்து லயன் வீடு, சம்பள நாள், கள்ளுக்கடையிலிருந்து திரும்பும் கணவன், மூலையில் ஒடுங்கும் பிள்ளைகள் ஆகியவற்றை அறியாத வாசகர் நம்மில் இலர். அக்கதைகள் முடியும் விதத்தையே இங்கு ஆராய விழைகிறேன். நான் படித்தவற்றுள் பெரும்பாலானவை மூன்று வழிகளுள் ஒன்றில் முடிகின்றன. அவள் சாகிறாள், அவன் திருந்துகிறான், அல்லது அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருளில் வெளியேறுகிறாள். இம்மூன்றாவதை முற்போக்கான முடிவு என்று பாராட்டுகிறோம். மறுநாள் காலை அப்பிள்ளைக்குப் பால் எங்கே கிடைத்தது என்று கேட்பதில்லை.

1879-இல் வெளிவந்த இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகம், கணவனையும் மக்களையும் துறந்து செல்லும் நோரா கதவைச் சாத்தும் ஓசையோடு முடிகிறது. 1923-இல் சீன எழுத்தாளர் லூ சுன் பீக்கிங்கில் மகளிர் ஆசிரியக் கல்லூரி ஒன்றில் உரையாற்றியபோது, நோரா போன பிறகு என்ன ஆனாள் என்பதையே பொருளாகக் கொண்டார். கையில் காசில்லாதவள் சீரழிவாள், அன்றித் திரும்பி வருவாள் என்பது அவர் கணிப்பு. ஆசிரியைகளாகப் போகும் மாணவியரிடம் அதைச் சொன்னது மிகப் பொருத்தம். ஆயினும் நோரா அடிபட்டவள் அல்லள். பல்லாண்டு அடியும் அச்சமும் பழகியவளுக்குப் பணம் மட்டும் போதுமா?

ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ இவ்வினாவுக்கு ஒரு விடை தருகிறது. 1966-இல் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், கெடுக்கப்பட்ட மகளைத் தாய் நீராட்டி ஏற்றுக்கொள்கிறாள். ஏற்காதிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்து அந்நாவல் பிறந்தது. நாயகி கங்கா படிக்கிறாள், உத்தியோகமும் பெறுகிறாள். ஆனால் படிக்க வைத்த மாமனே அவளிடம் தகாத எண்ணம் கொள்கிறார். ஆதரவு தருபவர் அதற்கு விலை கேட்கக்கூடும் என்று ஜெயகாந்தன் கண்டது கூர்மையானது. நம் கதைகளிலோ அடைக்கலம் தரும் அண்ணனும் பக்கத்து வீட்டு அக்காளும் அப்பழுக்கற்றவர்கள். அடிபடும் பெண்ணும் அப்படியே. அவள் பொய் சொல்வதில்லை. பிள்ளையிடம் எரிந்து விழுவதில்லை. அடித்தவன்மீது இன்னும் அன்பு வைத்திருப்பதில்லை. இத்தகைய சிலைகளுக்கு இரங்குவது எளிது.

உண்மையில் அவள் பலமுறை போய்ப் பலமுறை திரும்புகிறாள். தோட்டத்தில் வேலையோடு சேர்ந்ததே வீடு. வேலையை விட்டால் கூரையும் போயிற்று. அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் அவன் பெட்டியில் கிடக்கின்றன. இவற்றை அறியாத எழுத்தாளரே திரும்பி வருபவளைக் கோழையாகச் சித்திரிக்கிறார்.

நாட்டு நிலையும் மாறியுள்ளது. 1982-இல் மகளிர் உதவி இயக்கம் இத்தகைய பெண்களுக்கென அடைக்கல இல்லம் தொடங்கியது. 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறி, 1996-இல் நடைமுறைக்கு வந்தது. 2017-இல் திருத்தப்பட்ட பின், சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்க இயலும். அது ஏழு நாட்களுக்குச் செல்லும். எட்டாம் நாளில் அவளுக்கு வேண்டியவை வாடகை வீடு, வேலை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், அவள் சொல்வதை அவசரப்படுத்தாமல் கேட்கும் ஒருவர். திரும்பிப் போவதா வேண்டாவா என்று அவளே முடிவு செய்யும்வரை காத்திருக்கும் பொறுமை இவற்றுள் அரிதானது. அப்பொறுமை நம் கதாசிரியரிடமும் இல்லை. இரண்டு பக்கத்திற்குள் அவளைத் துணிய வைத்துவிடுகிறார்!

பள்ளிக்கூடத்துக்காரன் என்னும் முறையில் ஒன்று சேர்க்கிறேன். ஓடிவந்த தாய் பிள்ளையைப் புதிய பள்ளியில் சேர்க்க மாற்றுக் கடிதம் வேண்டும். அக்கடிதத்தில் புதிய பள்ளியின் பெயர் இருக்கும். தகப்பன் பழைய பள்ளிக்கு வந்து, “என் மகன் எங்கே படிக்கிறான்?” என்று மரியாதையோடு கேட்பான். மேசைக்குப் பின்னால் இருப்பவர் என்ன சொல்வது? கதைக்குரிய கணம் அதுவே. இதுவரை நான் படித்த எந்தத் தொகுப்பிலும் அதைக் காணவில்லை.