குணமளிப்பவரின் காயம்

மனநோயைக் குறித்து மருத்துவர்கள் எழுதியுள்ள நூல்களில் பெரும்பாலும் மேசையின் ஒரு பக்கத்தில் அறிவு அமர்ந்திருக்கும். மறுபக்கத்தில் துன்பம் அமர்ந்திருக்கும். 1995-ஆம் ஆண்டு வெளிவந்த கே ரெட்ஃபீல்ட் ஜாமிசனின் ‘ஆன் அன்க்வயட் மைண்ட்’ (அமைதியற்ற மனம்) என்னும் தன்வரலாறோ அம்மேசையின் இரு பக்கங்களிலும் அமர்ந்த ஒருவர் எழுதியது. ஜாமிசன் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர், உளவியலாளர். எனினும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் மனநல மருத்துவத் துறைப் பேராசிரியர். மிகையெழுச்சியும் கடுஞ்சோர்வும் மாறிமாறி வரும் நோயைப் பற்றி ஃபிரெடரிக் குட்வினுடன் இணைந்து அவர் எழுதிய பெருநூல் 1990-இல் வெளிவந்தது. அதே நோய் தமக்கும் உண்டு என்பதை ஐந்து ஆண்டுகள் கழித்தே உலகுக்கு வெளியிட்டார்.

1974-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஆசிரியப் பணியேற்ற சில மாதங்களுக்குள் அவர் சித்தம் கலங்கினார். கணக்கின்றிப் பொருள்களை வாங்கிக் கடனில் மூழ்கினார். அண்ணன் வந்து, தாமே கடன் பெற்று, அவரை மீட்டார். பின்னர் வந்த சோர்வில் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்று, மரணத்தின் வாயிலிலிருந்து திரும்பினார். நூலாசிரியர் இவற்றை இரக்கம் வேண்டி எழுதவில்லை, ஒளித்தும் எழுதவில்லை. அந்த நேர்மையே நூலின் முதற் சிறப்பு.

ஆனால் நம்மை நெடுநேரம் நிறுத்துவன லித்தியம் என்னும் மருந்தைப் பற்றிய பக்கங்கள்தாம். அம்மருந்து தேவையென்று பிறருக்குக் கற்பித்தவரே அதை உட்கொள்ள மறுத்து, விட்டுவிட்டு மீண்டும் வீழ்ந்தார். ஏன்? குமட்டலும் நடுக்கமும் மட்டுமல்ல. வாசிப்பையே உயிராகக் கொண்டவருக்கு ஒரு நூலை ஊன்றி வாசிக்கும் ஆற்றல் பல்லாண்டுகள் குன்றியது. மேலும், நோயின் எழுச்சி தந்த பேரொளியை இழக்க அவருக்கு மனமில்லை. மருந்தை நிறுத்தும் நோயாளியைப் பிடிவாதக்காரன் என்று ஏசுவது எளிது. அவன் எதை இழப்பதற்காகத் துயருறுகிறான் என்று கேட்க அறிந்தவரே அவனுக்கு மருந்தை மீண்டும் கொடுக்க வல்லவர். பரிவு என்பது குரலின் மென்மை என்று எண்ணுவோர் (நம்மிடையே அவ்வெண்ணம் மிகுதி) இப்பக்கங்களை இருமுறை வாசிக்கலாம். ஜாமிசனின் மருத்துவர் மருந்தின் தேவையில் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் அவரது இழப்பை அற்பமென்று ஒருபோதும் ஒதுக்கவில்லை. வாரந்தோறும், பல்லாண்டுகள், செவிமடுத்தார். மருந்து உயிரைக் காத்தது, உரையாடல் ஆற்றியது என்று ஜாமிசன் இரண்டையும் பிரித்துக் காட்டுவது நுட்பமான இடம். இதற்கு மாறாக, இந்நோயுள்ள நீ குழந்தை பெறலாகாது என்று முகத்துக்கு நேரே கூறிய வேறொரு மருத்துவரும் இந்நூலில் வருகிறார். கல்வியில் அவர் குறைந்தவரல்லர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

நமக்கு ஒரு குறையும் தோன்றுகிறது. காயமுற்றவரெல்லாம் பரிவுள்ளவராகிவிடுவதில்லை. கசப்புற்றோரும் உண்டு; தம் அனுபவத்தையே அளவுகோலாக்கிப் பிறரை அளப்போரும் உண்டு. ஜாமிசன் தம் நோயை விரிவாகச் சொல்கிறார். அது தாம் சந்தித்த நோயாளிகளுடன் தம்மை எவ்வாறு நடத்தியது என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறார். அந்தப் பாலத்தை வாசகரே கட்டிக்கொள்ள வேண்டியுள்ளது.

இங்கே அருட்தந்தை ஹென்றி நூவென் நினைவுக்கு வருகிறார். உளவியல் பயின்ற இந்த டச்சுக் குரு, காயமுற்ற குணமளிப்பவர் என்னும் கருத்தை 1972-இல் ஒரு நூலாகவே எழுதியவர். காயத்தைக் காட்சிப்பொருளாக்குவதை அவர் அந்நூலிலேயே மறுத்தார். 1987-இன் இறுதியில் அவரே நொறுங்கிப்போனார். அப்போது எழுதிய குறிப்புகளை உடனே வெளியிடாமல் எட்டாண்டுகள் காத்திருந்து, 1996-இல் நண்பர்களின் வற்புறுத்தலால் அச்சுக்குத் தந்தார். ஜாமிசனும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மௌனம் காத்தார்; ஆனால் அவரது மௌனத்தில் பணி பறிபோகும் என்ற அச்சமும் கலந்திருந்தது. துறைத் தலைவரிடம் தயங்கித் தயங்கித் தம் நோயைச் சொன்னபோது, அவர் அதை முன்பே அறிந்திருந்ததோடு, இந்நோயுள்ளோரை எல்லாம் நீக்கினால் கல்லூரி சுவையற்றுப் போகும் என்று சிரித்தாராம்.