24 கட்டத்துக்குள் ஒரு கைவண்ணம்

கூகுளின் மெட்டீரியல் ஐகான்களை 24-க்கு 24 என்ற சின்னஞ்சிறு கட்டத்துக்குள் வரைகிறார்கள். அதில் சதுரத்துக்கு 18 அலகு, வட்டத்துக்கு 20. ஏன் இந்த ஓரவஞ்சனை? இரண்டையும் ஒரே அளவில் வரைந்தால், நான்கு மூலைகளின் பலத்தில் சதுரம் பெருத்துத் தெரியும், வட்டம் சூம்பிப்போகும். அளவுகோலை மீறிக் கண்ணின் பேச்சைக் கேட்டிருக்கிறார்களே, அந்த இரண்டு அலகுக்கே ஒரு சபாஷ் போடலாம்.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் ‘வெக்டர் அசெட்’ வழியாக ஓர் இதயச் சின்னத்தைச் சேர்த்தால், ஒரு சிறிய எக்ஸ்எம்எல் கோப்பு வந்து உட்காரும். திறந்தால் உள்ளே எழுத்தும் எண்ணும்தான். ‘எம்’ என்றால் பேனாவை இங்கே வை. ‘எல்’ என்றால் கோடு இழு. ‘சி’ என்றால் வளை. ‘இசட்’ என்றால் தொடங்கிய இடத்துக்கே வந்து மூடு. இந்த ஆணைகளைப் படித்து, தன் அளவுக்கேற்பத் திரை வரைந்துகொள்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பில் பிசிறு இல்லை. 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0 தந்த வசதி இது. நிறம் மாற்ற ‘டின்ட்’ ஒன்று போதும்.

அரபு மொழிக்கு மாறினால் திரை வலமிருந்து இடமாகப் புரளும். ‘பின்செல்’ அம்பும் திரும்பும். கடிகாரச் சின்னத்தை மட்டும் திருப்பக் கூடாது என்கிறது மெட்டீரியல் வழிகாட்டி. அரபு வீட்டிலும் முள் வலஞ்சுழியாகத்தானே சுற்றுகிறது! இதை யோசித்தவர் உண்மையிலேயே ரசிகர்.

2022-இல் வந்த மெட்டீரியல் சிம்பல்ஸில் சின்னங்களே ஓர் எழுத்துருவாகிவிட்டன. ‘ஃபில்’ அளவை 0-இலிருந்து 1-க்கு நகர்த்தினால் வெற்று இதயம் மெல்ல நிறைகிறது. ‘வெயிட்’ 100 முதல் 700 வரை. இவை கண்ணுக்கு உடனே தெரிபவை. என் மனம் ஒட்டிக்கொண்டது ‘கிரேட்’ என்ற மூன்றாவதிடம். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒளி கசிந்து, இருப்பதைவிடத் தடித்துத் தெரியும். கிரேடை -25-க்கு இறக்கினால் அந்தக் கசிவு அடங்கி, பகலில் பார்த்த அதே கோடு இரவிலும் தெரிகிறது. பயனர் யாரும் இதைக் கவனிக்கப்போவதில்லை. அவர் கண்ணுக்கு உறுத்தாது, அவ்வளவுதான். இத்தனை பெரிய அக்கறையை இத்தனை சிறிய இடத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

செயலி செய்பவர்களே, கூகுள் ஃபான்ட்ஸ் தளத்திலேயே இந்த அளவுகளை மாற்றி, ஆண்ட்ராய்டுக்கான கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். உங்கள் இருள் திரைக்கு ஒருமுறை கிரேடைக் குறைத்துப் பாருங்கள்.