முகப்புக் குறிப்பும் எழுத்துருவும்: தனிமுயற்சித் தமிழ் வலைப்பக்கங்களை வாசித்தல்

முன்னுரை

இணையத் தமிழ் குறித்த ஆய்வுகளைப் பெரும்பாலும் இரு வகையில் அடக்கலாம். குறியாக்கம், விசைப்பலகை முதலிய நுட்பச் செய்திகளை விளக்குவன ஒருவகை. இணையத்தில் வெளியான படைப்புகளின் உள்ளடக்கத்தை மட்டும் ஆராய்வன மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் இடையே விடுபட்டுப்போவது பக்கத்தின் அமைப்பாகும். நிறுவனச் சார்பின்றித் தனியொருவரோ சிறு குழுவினரோ ஆக்கிய வலைப்பக்கங்களில் அமைப்பு வெறும் ஒப்பனையன்று. அப்பக்கத்தை ஆக்கியோர் யாவர், அதனை வாசித்தோர் யாவர் என்பவற்றுக்கு அதுவே சான்று என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கிறது.

எழுத்துருவும் வாசகர் வட்டமும்

ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே (1991) தமிழ் இடம்பெற்றது. ஆயினும் விண்டோஸ் இயங்குதளத்தில் அதற்கான வசதி விண்டோஸ் 2000-இல்தான் வந்தது. அதன் பின்னரும் பழைய கணினிகள் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தன. 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை வலைக்கு ஏற்றிய காலந்தொட்டு, ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை நம்பி நின்றது. மடலாடற்குழுவின் விவாதங்களில் 'திஸ்கி' குறியாக்கம் உருவாயிற்று. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு 'டாம்', 'டாப்' என்னும் இரு குறியாக்கங்களை முன்வைத்தது. எனவே, 'இவ்வெழுத்துருவை இறக்கிக்கொள்க' என்னும் வேண்டுகோள் அக்காலத் தமிழ்ப் பக்கங்களில் பரவலாகக் காணப்பட்டது.

அவ்வேண்டுகோளின் பொருளைப் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் நான் அனுபவத்தால் உணர்ந்தேன். வீட்டிலும் தெருவிலும் தமிழ் ஒலிக்கும் பகுதி அது. ஆனால் பள்ளியில் தமிழ் எழுத்தைக் கற்கும் வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்குக் கிட்டுவதில்லை. 2001-இல் அங்கிருந்த இணைய மையம் ஒன்றில் தமிழ்ப் பக்கமொன்றைத் திறந்தபோது, பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளின் குவியலே திரையில் தோன்றியது. எழுத்துருவை நிறுவ மையத்தார் முதலில் இசையவில்லை. பின்னர் அதனை நெகிழ்வட்டில் கொண்டுசென்று, இசைவு பெற்று நிறுவிய பிறகே வரிகள் தமிழாயின. அதன்பின் அக்கணினியை நாடி வேறு சிலரும் வரலாயினர். ஓர் எழுத்துரு ஒரு சிறு வாசகர் வட்டத்தை உண்டாக்கியதை அங்குக் கண்டேன். அவ்வெழுத்துரு இல்லாதோருக்கு அதுவே வேலியாகவும் அமைந்தது என்பதையும் மறத்தலாகாது.

மதுரைத் திட்டத்தின் முகப்பு

இவ்வகை முயற்சிகளுள் தலையாயது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற இதனைச் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனனும் ஒருங்கிணைத்தனர். பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்தனர். இதன் மின்னூல்களின் முகப்பில், உள்ளிட்டவர் பெயரும் மெய்ப்புத் திருத்தியவர் பெயரும் இடம்பெறுகின்றன. முகப்பை நீக்காமல் யாரும் கோப்பைப் பரப்பலாம் என்னும் இசைவும் அதிலேயே உள்ளது.

ஏட்டுச்சுவடியின் இறுதியில், எழுதி முடித்த நாளையும் தம் பெயரையும் பொறித்துவைத்த ஏடெழுதுவோரின் வழக்கம் பதிப்பறிஞர் அறிந்ததே. மின்னூலின் முகப்பு அதே பணியைச் செய்கிறது. பாடத்திற்குப் பொறுப்பேற்போர் யாவர் என்று அது கூறுகிறது. இன்று முகப்பு நீங்கிய படிகளும் இணையத்தில் உலவுகின்றன. அவற்றை மேற்கோளாகக் கொள்ளும் ஆய்வாளர் மூலம் அறியாத பாடத்தையே கையாள்கின்றார் எனலாம்.

மாற்றமும் இழப்பும்

2003-ஐ ஒட்டி வலைப்பதிவுகள் பெருகின. 2004-இல் தோன்றிய தமிழ்மணம் அவற்றை ஒருங்கே திரட்டிக் காட்டியது. ஒருங்குறி பரவியதால் எழுத்துரு வேலிகள் வீழ்ந்தன, தேடலும் எளிதாயிற்று. இவ்வளர்ச்சியைக் குறைத்து மதிப்பிட்டுப் பழைய பக்கங்களுக்காக ஏங்குவது ஆய்வு நெறியாகாது. எனினும், பக்கத்தின் தோற்றத்தை எழுதுவோரே வகுத்த நிலை மாறி, நிறுவனங்கள் அளித்த வார்ப்புருக்கள் அவ்விடத்தைப் பிடித்தன என்பதையும் பதிவு செய்தல் வேண்டும்.

தனிமுயற்சி என்பதன் எல்லையும் இங்குக் கருதத்தக்கது. பலர் தம் வீட்டைத் தாமே கட்டினர், மனையோ பிறருடையது. இலவச இடம் அளித்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. மடலாடற்குழுக்கள் பலவற்றைத் தாங்கிய யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மறைந்தன. இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பும் தன்னார்வலர்களும் ஜியோசிட்டீஸ் பக்கங்களில் ஒரு பகுதியைப் படியெடுத்துக் காத்தனர். ஆனால் எழுத்துரு காக்கப்படாதபோது, காக்கப்பட்ட பக்கமும் படிக்க இயலாத குறிகளாகவே நிற்கும். லிங்கராஜபுரத்து இணைய மையத்தில் நான் கண்ட குவியல் இனி ஆய்வாளர் கண்முன்னும் தோன்றக்கூடும்.

நிறைவுரை

அச்சு நூலுக்குப் பதிப்பும் ஆண்டும் சுட்டுகிறோம். சுவடிக்கு எண் சுட்டுகிறோம். வலைப்பக்கத்திற்கு முகவரியை மட்டும் தந்து அமைகிறோம். இந்நிலை மாற வேண்டும். பார்வையிட்ட நாள், குறியாக்கம், எழுத்துரு, முகப்பில் காணும் பெயர்கள் ஆகியவற்றையும் ஆய்வேடுகள் குறித்தல் இன்றியமையாதது. பழைய பக்கத்தை ஒருங்குறிக்கு மாற்றும்போது மூலக்கோப்பையும் எழுத்துருவையும் உடன் காத்தல் வேண்டும். தமிழ்த்துறைகள் தம் ஆய்வேடுகளில் சுட்டப்பெற்ற பக்கங்களையேனும் இவ்வாறு படியெடுத்து வைப்பது இயலக்கூடிய பணியே. ஊதியம் கருதாது உழைத்தோரின் பெயர்கள் அப்பக்கங்களின் முகப்புகளிலும் அடிக்குறிப்புகளிலுமே எஞ்சியுள்ளன. உரையை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றை உதிர்த்துவிடின், இணையத் தமிழின் முதற்கட்ட வரலாறு ஆக்கியோர் பெயரின்றி எழுதப்படும்.