கேள்வியும் காட்சியும்: 'செம்மீன்' நாவலும் திரைப்படமும்

1. முன்னுரை

நாவலொன்று திரைப்படமாகும்போது, படம் மூலத்துக்கு உண்மையாக அமைந்துள்ளதா என்ற வினாவே முதலில் எழுகிறது. கதை நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்தே இவ்வினாவுக்குப் பெரும்பாலும் விடை கூறப்படுகிறது. எந்த நிகழ்ச்சி விடப்பட்டது, எது புதிதாகச் சேர்க்கப்பட்டது, முடிவு மாற்றப்பட்டதா என்பன கணக்கிடப்படுகின்றன. மொழிபெயர்ப்பாளருக்கு இம்முறை நிறைவளிப்பதன்று. ஒரு கூற்று எதைச் சொல்கிறது என்பதோடு, அதை யார் சொல்கிறார், எந்த அளவு உறுதியோடு சொல்கிறார் என்பதும் அதன் பொருளில் அடங்கும். ரோமன் யாக்கப்சன் 1959இல் மொழிபெயர்ப்பை மூவகைப்படுத்தியபோது, மொழிக் குறிகளை மொழியல்லாத குறிகளாக மாற்றுவதையும் அவற்றுள் ஒன்றாகக் கொண்டார். அவ்வாறாயின், நாவலிலிருந்து உருவாகும் படத்தையும் மொழிபெயர்ப்பாளரின் அளவுகோலால் அளந்து பார்ப்பது பொருந்தும்.

இதற்கு ஏற்ற சான்றாகத் தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' அமைகிறது. 1956இல் வெளிவந்த இம்மலையாள நாவல் 1957இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தமிழில் இதனைச் சுந்தர ராமசாமி பெயர்த்தார். ஆங்கிலத்தில் நாராயண மேனனின் பெயர்ப்பு 1962லும், அனிதா நாயரின் பெயர்ப்பு 2011லும் வெளிவந்தன. 1965இல் ராமு காரியாட் இதனைத் திரைப்படமாக இயக்கினார். திரைக்கதையை எஸ்.எல்.புரம் சதானந்தன் எழுதினார். குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைப் பெற்ற முதல் தென்னிந்தியப் படம் இதுவேயாகும்.

படம் நாவலின் கதைப்போக்கைப் பெரிதும் பின்பற்றியது. நிகழ்ச்சிகள் ஒத்திருக்கும்போதும் பொருள் வேறுபடக்கூடுமா என்பதை ஆராய இவ்வொற்றுமையே வாய்ப்பளிக்கிறது.

2. நம்பிக்கை யாருடைய கூற்று?

மீனவப் பெண் கறுத்தம்மாவும் முஸ்லிம் மீன் வணிகனான பரீக்குட்டியும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். கறுத்தம்மாவின் தந்தை செம்பன்குஞ்சு, படகும் வலையும் வாங்கும் ஆசையில் பரீக்குட்டியின் பொருளைப் பெற்றுத் திருப்பித் தராது விடுகிறான். கறுத்தம்மா பழனி என்னும் மீனவனுக்கு மணமுடிக்கப்படுகிறாள். கடலில் செல்லும் கணவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பைப் பொறுத்தது என்னும் நம்பிக்கை கதை முழுவதிலும் ஊடாடுகிறது.

இந்நம்பிக்கை நாவலில் அறிமுகமாகும் முறை கருதத்தக்கது. அதனைத் தாய் சக்கியே மகளுக்குச் சொல்கிறாள். அலைகளோடு போராடிய முதல் மீனவனையும், அவன் மீண்டு வர மேற்கு நோக்கித் தவம் நின்ற அவன் மனைவியையும் பற்றிய கதை அவள் வாயிலாகவே வருகிறது. மகளின் உள்ளம் எங்கே செல்கிறது என்பதை அறிந்து அஞ்சிய ஒரு தாயின் எச்சரிக்கை அது. எனவே, வாசகர் முதலில் பெறுவது கடலைப் பற்றிய உண்மையொன்றையன்று. கடலைப் பற்றி அக்கரையில் வழங்கும் பேச்சையே பெறுகின்றனர்.

திராவிட மொழிகள் இவ்வேறுபாட்டை இலக்கணத்தாலேயே உணர்த்த வல்லவை. 'அவன் வந்தான்' என்பதற்கும் 'அவன் வந்தானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு செய்தியில் இல்லை. அச்செய்திக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதில் உள்ளது. தமிழில் 'ஆம்' செய்யும் பணியை மலையாளத்தில் 'அத்ரே' செய்கிறது. இவ்விரு மொழிகளுக்கிடையே பெயர்ப்பவருக்கு இது பேருதவியாகும். ஆங்கிலத்தில் 'என்று சொல்கிறார்கள்' என்பது போன்ற தனித் தொடரை நாட வேண்டியிருக்கிறது. வாக்கியந்தோறும் அதனைச் சேர்த்தால் நடை கெடும். விட்டுவிட்டால், கேள்விப்பட்ட செய்தி கண்ட செய்தியாகிவிடும்.

நாவலாசிரியர் எங்கும் ஒரே அளவு விலகி நிற்கிறார் என்பதற்கில்லை. ஆசிரியர் கூற்றும் கரையோர மக்களின் கூற்றும் பிரித்தறிய இயலாதவாறு கலந்துவிடும் இடங்களும் உண்டு. ஆயினும் நம்பிக்கையின் தோற்றுவாய் பேச்சே என்பதை வாசகர் மறப்பதற்கில்லை.

3. பேச்சே காரணமாதல்

பழனியின் சாவுக்கு நாவல் தரும் காரணத் தொடர் இக்கருத்தை வலுப்படுத்துகிறது. கறுத்தம்மாவின் பழைய உறவு பற்றிய பேச்சு அவளது புகுந்த ஊருக்கும் பரவுகிறது. ஐயத்துக்குரிய மனைவியை உடையவனோடு கடலுக்குச் செல்ல உடன்தொழிலாளர் அஞ்சுகின்றனர். படகில் இடம் மறுக்கப்பட்ட பழனி, தூண்டிலோடு தனியே கடலுக்குச் செல்ல நேர்கிறது. பின்னர் ஓர் இரவில் பெருஞ்சுறாவொன்று தூண்டிலில் சிக்குகிறது. அதனால் இழுத்துச் செல்லப்பட்ட அவன் சுழலில் அகப்படுகிறான். அதே இரவில் கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் சந்திக்கின்றனர். இரு நாட்களுக்குப் பின்னர் அவர்களுடைய உடல்களும் அச்சுறாவும் கரையொதுங்குகின்றன.

இங்கு இரண்டு விளக்கங்களுக்கு இடமுண்டு. மனைவி தவறினாள், கடலம்மா கணவனைக் கொண்டாள் என்பது ஒன்று. ஊர்ப்பேச்சு ஒருவனைத் தனியனாக்கிற்று, தனியன் ஆழ்கடலில் மாண்டான் என்பது மற்றொன்று. இரண்டாவது விளக்கத்தின்படி, நம்பிக்கை பலித்ததற்குக் காரணம் அந்நம்பிக்கையை ஊரார் பேசியதே. நாவல் இவ்விரண்டனுள் ஒன்றையும் அறுதியிட்டுக் கூறவில்லை. அதன் சிறப்பு இவ்விரு பொருண்மையிலேயே தங்கியுள்ளது எனலாம்.

4. காட்சிக்கு 'ஆம்' இல்லை

திரைப்படத்திலும் பழனி ஒதுக்கப்படுகிறான், நிகழ்ச்சிகள் குறைக்கப்படவில்லை. ஆனால் நம்பிக்கையின் கூற்றுநிலை இரண்டு இடங்களில் மாறிவிடுகிறது.

முதலாவது, பாடல். முத்தெடுக்கச் சென்று காற்றில் சிக்கிய மீனவனையும், தவமிருந்து அவனை மீட்ட மனைவியையும், பிழைபட்ட மற்றொருத்தியின் கணவனைக் கடல் கொண்டதையும் படம் குழுப்பாடலாக்கியுள்ளது. வயலார் ராமவர்மாவின் பாடலும் சலில் சௌதுரியின் இசையும் நாவலை அறியாதவரிடமும் இக்கதையைக் கொண்டு சேர்த்தன. எனினும், ஒரு தாய் அஞ்சிச் சொன்ன சொல் ஊர் முழுதும் கூடிப் பாடும் பாட்டாகும்போது, அதற்குச் சொல்பவர் இல்லாமற் போகிறார். குழுவாகப் பாடப்படுவதை ஒருவரும் ஐயுறுவதில்லை.

இரண்டாவது, முடிவு. கரையில் காதலர் கூடுவதும் கடலில் பழனி போராடுவதும் மாறி மாறிக் காட்டப்படுகின்றன. நாவலிலும் இவை அடுத்தடுத்தே வருகின்றன. ஆனால் எழுத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை வாசகர் காலத்தொடர்பு என்று மட்டும் கொள்ள இயலும். திரையில் தழுவலை அடுத்து உடனே சுழல் தோன்றும்போது, காலத்தொடர்பு காரணத்தொடர்பாகிறது. 'கடல் கொண்டதாம்' என்பது 'கடல் கொண்டது' என்றாகிவிடுகிறது. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவும் ரிஷிகேஷ் முகர்ஜியின் படத்தொகுப்பும் சிறப்புற அமைந்தமையாலேயே இம்மாற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிகழ்கிறது என்பது நோக்கத்தக்கது.

இதன் விளைவு கலை பற்றியது மட்டுமன்று. நாவலில் ஒரு பெண்ணின்மேல் சமூகம் சுமத்திய விதி, படத்தில் இயற்கையே நிறைவேற்றும் விதியாகத் தோன்றுகிறது. கறுத்தம்மாவின் துயரத்துக்குப் பொறுப்பேற்க வேண்டிய ஊர், காட்சியின் ஆற்றலால் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுகிறது.

காட்சி இயல்பிலேயே இக்குறையை உடையது என்று முடிவு செய்தல் வேண்டுவதில்லை. கதையைக் காட்டாது அதைக் கேட்பவளின் முகத்தைக் காட்டலாம். பாடலை ஒரு கிழவியின் தனிக்குரலுக்கு அளிக்கலாம். சுழலுக்கு முன்னர், படகில் இடம் மறுத்த ஊராரை மீண்டும் ஒருமுறை நினைவூட்டலாம். இவை காட்சிமொழியில் 'ஆம்' என்பதற்கு நிகராக நிற்கக்கூடியவை.

5. படம் ஈட்டியது

இழப்பை மட்டும் கூறுவது நடுநிலையாகாது. கறுத்தம்மா பரீக்குட்டியைக் 'கொச்சுமுதலாளி' என்றே அழைக்கிறாள். தமிழில் இதனைச் 'சின்ன முதலாளி' என்று பெயர்த்தால் சொற்பொருள் முழுதும் வந்துவிடும், வழக்கு வாராது. தமிழில் 'முதலாளி' என்பது வேலை அளிப்பவரையே முதலில் உணர்த்தும். அக்கரையில் அது மீன் வணிகரை மதித்து அழைக்கும் சொல்லாகும். மதத்தாலும் தொழிலாலும் அமைந்த தொலைவையும், பெயர் சொல்லி அழைக்க இயலாத அன்பையும் அவ்வொரு சொல்லே சுமக்கிறது. அச்சில் இது திரும்பத் திரும்ப வருதலால் மட்டுமே பொருள் பெறுகிறது. படத்தில் ஷீலாவின் குரலில் ஒவ்வொரு முறையும் வேறு பொருள் கொள்கிறது. எந்த மொழிபெயர்ப்பும் எட்டாத இடத்தைப் படம் இங்கு எட்டியுள்ளது.

மலையாளத்தில் மீனவச் சமூகத்தைக் குறிக்கும் 'அரயன்' என்னும் சொல்லும் இத்தகையதே. தமிழில் 'அரையன்' என்றால் அரசன் என்ற பொருளே முந்தும். ஒலியொப்புமை பெயர்ப்பாளரை வழிதவறச் செய்யக்கூடும். திரையில் வலையும் படகும் சூழ நிற்கும் மனிதனைப் பார்ப்பவருக்கு இம்மயக்கம் எழுவதில்லை. சமூகப் பின்னணியையும் விளிப்பின் தொனியையும் காட்சி எளிதில் பெயர்க்கிறது. கூற்றின் உறுதிநிலையைப் பெயர்ப்பதிலேயே அது இடர்ப்படுகிறது.

6. முடிவுரை

'செம்மீன்' படம் நிகழ்ச்சி அளவில் மூலத்துக்கு உண்மையானது. கூற்றுநிலை அளவில் மூலத்தினின்று விலகியது. இவ்விரண்டையும் பிரித்தறியாது, படம் நாவலைப் போலவே இருக்கிறது என்றோ, நாவலைக் கெடுத்துவிட்டது என்றோ கூறுவது திறனாய்வாகாது.

இதில் மொழிபெயர்ப்பாளருக்கு நேரடியான படிப்பினையும் உண்டு. இப்படத்துக்கு வேறு மொழியில் துணைத்தலைப்பு எழுதுபவர், முத்தெடுக்கச் சென்றவனின் பாடலில் 'என்பர்' என்ற பொருளைச் சேர்ப்பதா விடுவதா என்பதை முடிவு செய்தாக வேண்டும். சேர்த்தால் நாவலுக்கு அணுக்கமாவார்; விட்டால் படத்துக்கு அணுக்கமாவார். எதைப் பெயர்க்கிறோம் என்னும் தெளிவோடு அம்முடிவை எடுத்தல் அவர் கடனாகும். நாவலைப் பெயர்ப்பவருக்கோ அத்தகைய தெரிவு இல்லை. சக்கி மகளுக்குச் சொன்னதைச் சக்கியின் சொல்லாகவே அவர் காத்தல் வேண்டும்.