பகலில் பிறக்கும் திகில்

மனச்சிக்கலைச் சொல்லும் திகில் படத்துக்கு இருட்டே இலக்கணம் என்ற எண்ணம் தமிழில் வேரூன்ற, 1954இல் வந்த 'அந்த நாள்' ஒரு முக்கியக் காரணம். எஸ். பாலசந்தர் இயக்கி, மாருதி ராவ் ஒளிப்பதிவு செய்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம், பாதி ஒளி விழுந்த முகங்களையும் நீண்ட நிழல்களையும் கொண்டே சந்தேகத்தை வளர்த்தது. அதன் அருமை குறையாது. ஆனால் அதை மட்டுமே அளவுகோலாக வைத்தால், தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 1978இல் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில் செய்த மாற்றம் நம் கண்ணில் படாது. '16 வயதினிலே' படத்தில் கிராமத்து வெயிலைப் பிடித்த பி. எஸ். நிவாஸ்தான் இந்தப் படத்துக்கும் ஒளிப்பதிவாளர். கொல்லப்பட்ட பெண்கள் புதைக்கப்பட்ட ரோஜாத் தோட்டத்தை அவர் அழகு குறையாமல் காட்டுகிறார். செடிகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும், கொலையாளியின் புது மனைவி சாரதாவுக்குத் தெரியாது. பயம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. கொலைகளைப் படம்பிடித்து அந்தக் கொலையாளியின் வளர்ப்புத் தந்தை ரசிக்கும் காட்சியில், அவர் பார்க்கும் திரையை நாமும் பார்க்க வேண்டியிருக்கிறது. யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்ற கேள்வியை விளக்கமைப்பால் மட்டும் எழுப்பிவிட முடியாது.

இதெல்லாம் 1960இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வும் மைக்கேல் பவலின் 'பீப்பிங் டாம்' படமும் செய்தவைதானே என்று கேட்கலாம். கருவில் உறவு உண்டு. ஆனால் செழித்த தோட்டத்தையே குற்றத்தின் இடமாக்கியது, மண்ணையும் செடியையும் பார்த்துப் பழகிய கண். இறுதித் துரத்தல் இரவில்தானே என்பதும் சரியான கேள்வி. அதற்குள் பகலில் பார்த்த வீடு நம் நிம்மதியைக் கெடுத்துவிட்டது, இரவு அந்த ஓட்டத்துக்கு வேகம் மட்டுமே தருகிறது. படத்தின் ஜூம்கள் சில இன்று பழசாகத் தெரிவதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) இன்னொரு பள்ளி. ஒளிப்பதிவும் அவரே. ஊட்டியின் பனியில் வெளிச்சம் சிதறி, கடும் நிழல்கள் கரைந்துபோகின்றன. பிரதாப் போத்தனின் கொலையாளி முகம் மென்மையாகவே தெரிகிறது, அதனால்தான் கலங்கிப்போகிறோம். இந்தப் படத்துக்கும் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்துக்கும் இசை பண்ணைப்புரத்து இளையராஜா, 'மூடுபனி' அவருக்கு 100ஆவது படம். அச்சத்தின் சுமையைப் பின்னணி இசை ஏற்றுக்கொண்டதால்தான் ஒளி இவ்வளவு அமைதியாக இருக்க முடிந்தது என்பேன்.

குறைந்த வெளிச்சத்திலும் படம்பிடிக்கும் டிஜிட்டல் கேமரா வந்தபின், எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும் ஆசை கூடியிருக்கிறது. ஆனாலும் பி. வி. சங்கர் ஒளிப்பதிவு செய்த 'ராட்சசன்' (2018) படத்தில் நம்மை அதிகம் நடுங்கவைப்பது, பகல் நேரப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர் மாணவியைத் தனியே அழைக்கும் காட்சிதான்.