அறிகரி

சான்று கூறுவோனைப் பண்டைத் தமிழ் ‘கரி’ என்றது. கண்டதனைக் கண்டவாறு கூறுவோன் கரி என்பது பொதுக் கருத்து. புலவர்கள் அவ்வளவில் அமைந்திலர் என்பதை ‘அறிகரி’ என்னும் தொடரின் ஆட்சி காட்டும்.

அகநானூற்று 256ஆம் பாட்டில், ஒருத்தியின் நலன் நுகர்ந்தவன் அவளை அறியேன் எனப் பொய்ச்சூள் உரைக்கின்றான். கள்ளூர் அவையத்தார் அறிந்த கரியை வினவி, உண்மை தெளிந்து, அவனை ஒறுக்கின்றனர். ஈண்டுக் கரியாவார் வழக்கிற்குப் புறத்தே நிற்பவர். உண்மை கூறுவதால் அவர்க்கு நேரும் இழப்பு எதுவும் பாட்டில் இல்லை.

குறுந்தொகை 184ஆம் பாட்டு நெய்தல் நிலத்தது. பரதவர் மகளிடத்து நெஞ்சிழந்த தலைவன் தன்னைக் கழறிய பாங்கனுக்கு மறுமொழி கூறுகின்றான். தாம் அறிந்த கரியைப் பொய்த்தல் ஆன்றோர்க்கு இல்லை என முதற்கண் நிறுவிக்கொண்டு, அச்சிறுகுடிப் பக்கம் செல்லற்க என விலக்குகின்றான். இதனைக் காதல் மிகுதியால் எழுந்த கூற்றாக மட்டும் கொள்ளுதல் அமையாது. பிறர் கழறுதற்கு ஏதுவான தன் தளர்ச்சியையே அவன் சான்றாக வைக்கின்றான். பழியுற்றவனும் அவனே, கரியும் அவனே.

‘அறிகரி’ என்னும் சொல் வாராவிடினும் அப்பொருள் முற்றி நிற்குமிடம் சிலப்பதிகார வழக்குரை காதையாகும். கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம். அரசி சிலம்பின் பரல் முத்து. கொற்கை முத்தால் புகழ்பெற்ற குடியிற் பிறந்த பாண்டியன், தன் சிலம்பின் பரல் முத்தே என்பதனைச் சிலம்பு உடைபடுமுன்னரே கூறிவிடுகின்றான். தெறித்த மாணிக்கம் வழக்கை முடித்தது என்பது மேலோட்டமான நோக்கு. அரசனது சொல் முன்னில்லையாயின், உடைபட்ட சிலம்பு அரசியினது அன்று என்பதனை அம்மாணிக்கம் தனித்து நிறுவியிராது. தன் வாய்மொழியே தனக்கு எதிர்க்கரியாக, அவன் உயிர் துறந்தான்.

இவ்வளவையை இக்கரையின் அண்மைக்கால வழக்கொன்றிற்கும் பொருத்திப் பார்க்கலாம். தூத்துக்குடியில் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த வ. உ. சிதம்பரனார்மீது 1908இல் திருநெல்வேலியில் இராசத்துரோக வழக்கு நடைபெற்றது. மேடையிற் பேசிய தமிழே குற்றமாயிற்று. காவல்துறையில் தமிழ்ச் சுருக்கெழுத்து அந்நாளில் வழக்கிற்கு வரவில்லை. கேட்டோர் எழுதிய குறிப்பும் அவர்தம் நினைவுமே கரியாயின. அவற்றின்மேல் சூலை 7ஆம் நாள் நடுவர் பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அவ்வழக்கிற் சான்று கூறிய பாரதியார், கைதாகும் நிலை நெருங்கவே, அவ்வாண்டிலேயே புதுச்சேரி சென்றார்.

கேட்ட செய்தியைக் கேட்டவனே கூறல் வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் விதி. அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைக் கொண்டுள்ளது. ஆயின், கேட்டவன் எல்லாம் அறிந்தவன் ஆகான். ஒரு சொல் பிறழ்ந்து நினைவில் நிற்பினும் பிறனொருவன் வாழ்வு சிறையிற் கழியும்.

இழப்பு ஒன்றே வாய்மைக்கு அளவையாகாது. இழப்புற்றும் பொய்யுரைப்பார் உளர். ஐயந்திரிபற அறிதலும், அறிந்ததனைத் தனக்குக் கேடு வரினும் கூறுதலும் ஒருங்கமைந்ததே அறிகரி. முன்னதைச் சட்டம் வினவலாம். பின்னதைக் கூறுவோன் தானே தேர்ந்துகொள்ளல் வேண்டும். குறுந்தொகைப் புலவர் அதனை ஆன்றோர்க்கு உரியதாக்கிய கருத்து இதுவெனக் கொள்ளலாம்.